கூலி என்னும் சொல்லும் பென்னிகுயிக் என்னும் பெயரும்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15 அன்று கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் பானைகள் இரண்டு காரணங்களுக்காகப் பொங்குகின்றன. ஒன்று, தைத் திருநாள். மற்றொன்று, கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பிறந்த நாள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வட்டார மக்கள் லோயர்கேம்ப்பில் உள்ள அவருடைய மணிமண்டபத்திற்குத் திரண்டு சென்று மாலையிட்டு வணங்குகிறார்கள். பெற்ற பிள்ளைகளுக்கும் கடைகளுக்கும் அவர் பெயரைச் சூட்டியவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம். தேனியின் பேருந்து நிலையமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அந்த மணிமண்டபத்தைக் கடந்து குமுளி மலை ஏறும் சாலையில், ஆண்டின் பெரும்பாலான நாள்களில், விடியுமுன் வேறொரு கூட்டம் பயணம் செய்கிறது. தூக்குவாளியும் தலைத்துணியுமாக ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களின் கூட்டம் அது. அவர்களை நாம் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கூலிக்காரர்கள் என்கிறோம்.

அணையைக் கட்டிய பொறியாளரின் வாழ்க்கையையும் இந்த ஒற்றைச் சொல்லின் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். காரணம், இரண்டும் ஒரே காலத்தில், ஒரே அரசின்கீழ், ஒரே மலையில் சந்தித்தவை.

தமிழில் கூலி என்பது ஆளைக் குறிக்கும் சொல்லன்று. உழைப்புக்கு ஈடாகக் கிடைக்கும் பயனைக் குறிப்பது. விதியே கைவிட்டாலும் உடல் வருந்திய முயற்சிக்கு அதற்குரிய பலன் கிடைத்தே தீரும் என்று சொல்ல வந்த வள்ளுவர், ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அந்தப் பலனுக்கு இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறார். அத்தனை மதிப்புடைய சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, ஊதியத்தை விட்டு நழுவி ஊதியம் பெறும் மனிதன்மீது ஒட்டிக்கொண்டது. பிறகு அவன் இனத்தின்மீதும் நிறத்தின்மீதும் படர்ந்து, இறுதியில் வசைச்சொல்லாகவே முடிந்தது.

இந்த மாற்றத்தைப் பதிவு செய்த நூல்களுள் முதன்மையானது ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் அகராதி. பிரிட்டிஷ் இந்தியாவில் வெள்ளையர் நாவில் புழங்கிய பேச்சுவழக்குச் சொற்களின் திரட்டு அது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த வடமொழி அறிஞர் ஆர்தர் கோக் பர்னலும் வங்காளப் பொறியாளர் படையில் பணியாற்றிய ஹென்றி யூலும் சேர்ந்து தொகுத்தது. பர்னல் 1882-இல் மறைந்துவிட, யூல் அதை 1886-இல் வெளியிட்டார். நூலின் பெயரே ஒரு சிதைவுதான். மொகரம் ஊர்வலத்தில் ஹசன், உசேன் பெயர்களைச் சொல்லி எழும் ஓலம் வெள்ளைச் சிப்பாய்களின் காதில் விழுந்த விதம் அது.

கூலி என்ற சொல்லுக்கு அந்த அகராதி இரு வேர்களைப் பேசுகிறது. மேற்கு இந்தியாவின் கோலி என்னும் இனப் பெயரிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது ஒன்று. அந்தப் பக்கமே தொகுப்பாளர்கள் சாய்கிறார்கள். ஊதியத்தைக் குறிக்கும் தமிழ், கன்னடச் சொல்லே வேர் என்பது மற்றொன்று. குஜராத்தில் பிறந்த பெயரும் தெற்கே வழங்கிய சொல்லும் வெள்ளையர் வாயில் ஒன்றாகக் கலந்திருக்கவும் கூடும். எப்படியானாலும் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரின் தோளில் அந்தப் பெயர் ஏறியது என்பதில் ஐயமில்லை.

அதே நூலில் இன்னொரு சொல் இருக்கிறது. அது வெள்ளையர் தமக்குள் ஒருவரையொருவர் கேலி செய்ய வைத்திருந்த சொல். நம் மிளகுத்தண்ணீர் ஆங்கிலேயர் உணவு மேசையில் ‘மல்லிகடானி’ ஆயிற்று. அதன் தலையை மட்டும் கிள்ளி எடுத்து, சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த வெள்ளை அதிகாரிகளை ‘மல்’ என்று அழைத்தார்கள். பம்பாய்க்காரர்களுக்கு அவ்வூர்க் கருவாட்டின் பெயரால் ‘டக்’ என்று பட்டம். வேலையாளைக் கூவி அழைக்கும் இந்துஸ்தானிச் சொல்லால் வங்காளத்தார் ‘குய்-ஹை’ ஆனார்கள். சென்னை மாகாணத்தையே ஒளி படாத இருண்ட மாகாணம் என்று மற்ற இரு மாகாணத்தாரும் எள்ளி நகையாடிய காலம் அது. மிளகு விளையும் மலையின் அடிவாரத்தில் வளர்ந்த எனக்கு, ரசத்தின் பெயரால் துரைமார்கள் கேலிக்குள்ளானதை முதன்முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. பென்னிகுயிக்கும் அந்த ‘மல்’களுள் ஒருவர்தான் என்று உணர்ந்தபோது சிரிப்பு நின்று சிந்தனை தொடங்கியது.

அவர் 1841-இல் புணேயில் பிறந்தவர். தந்தையும் ஜான் பென்னிகுயிக் என்றே பெயர் கொண்ட படைத்தளபதி. 1849 ஜனவரியில் பஞ்சாபின் சிலியன்வாலா போர்க்களத்தில் அந்தத் தந்தை மாண்டார். உடன் போரிட்ட மூத்த மகன் அலெக்சாண்டரும் அதே களத்தில் உயிர்விட்டான். அவனுக்கு வயது 17. அப்போது எட்டு வயதை நெருங்கிய சிறுவனாக இருந்த ஜான், பின்னர் இங்கிலாந்தில் செல்ட்டனம் கல்லூரியிலும் அடிஸ்கோம்பில் இருந்த ராணுவப் பயிற்சிக் கல்லூரியிலும் பயின்று, 1858-இல் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1860-இல் சென்னை வந்தார்.

அந்த 1860-ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில்தான் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளராக அந்நாட்டில் கால்வைத்த முதல் இந்தியர்கள் அவர்கள். சென்னையில் ஒரு பொறியாளர் இறங்கினார். சென்னையிலிருந்து பல உழைப்பாளிகள் ஏறினார்கள். முன்னவருக்கு ஒரு பட்டப்பெயர் காத்திருந்தது. பின்னவர்களுக்கும் ஒன்று காத்திருந்தது. இரண்டிலும் தமிழ்ச் சொல்லின் சாயல் இருந்தது. ஒன்று விருந்து மேசைக் கேலியாகவே இருந்து மறைந்தது. மற்றொன்று தலைமுறைகளைத் துரத்தியது. 1893-இல் அந்நாட்டுக்குச் சென்ற காந்தியடிகளைக் கூலி பாரிஸ்டர் என்றே வெள்ளையர் அழைத்தனர். ராமசாமி, முத்துசாமி என்று பெயர் கொண்ட நம்மவர்களின் பெயர்ப் பின்னொட்டை வெட்டி, ‘சாமி’ என்றே இந்தியர் அனைவரையும் ஏளனம் செய்தனர். கடவுளையும் தலைவனையும் குறிக்கும் சொல்லுக்கு அங்கே கிடைத்த மரியாதை அது.

பென்னிகுயிக்கின் கைக்கு வந்து சேர்ந்த பெரியாற்றுத் திட்டம் புதிதாக முளைத்ததன்று. மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்க்கலாம் என்ற எண்ணம் 1789-லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு உதித்தது. ஆனால் அதற்கான பொருள்வளம் அவரிடம் இல்லை. 1808-இல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல், இது நடவாத காரியம் என்று ஒதுக்கினார். 1850-இல் சிறிய அளவில் அணை கட்டும் முயற்சி தொடங்கி, பாதியிலேயே நின்றது. நின்றதற்கான காரணம் என் பொருளுக்கு மிக நெருக்கமானது. உடலுக்கு ஒவ்வாத அந்தக் காட்டில் வேலை செய்வதானால் கூலியை உயர்த்த வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள், வேலை கைவிடப்பட்டது. தங்கள் உயிருக்கு என்ன விலை என்று அந்த எளிய மனிதர்கள் கேட்ட கேள்வி, வரலாற்றில் ஒற்றை வரியாக எஞ்சி நிற்கிறது.

பிறகு பல அதிகாரிகள் பல வரைவுகளைத் தீட்டினர். இடையே 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. நீரின்றி இனி இந்த நாடு வாழாது என்பதை அரசுக்கு உணர்த்தியது அந்தப் பஞ்சம். 1882-இல் திட்டத்துக்கு அனுமதி கிடைத்து, அதைத் திருத்தி வகுத்து மதிப்பீடு செய்யும் பொறுப்பு மேஜர் பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1884-இல் அவருடைய வரைவு ஏற்கப்பட்டது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கர் நிலம் சென்னை அரசின் பொறுப்பில் வந்தது. ஹாப்சன்-ஜாப்சன் அகராதி வெளிவந்ததும் அதே 1886-இல்தான். சொல்லுக்குப் பொருள் எழுதிய ஆண்டிலேயே, அந்தச் சொல்லால் சுட்டப்பட்டவர்கள் மலையேற வேண்டிய வேலைக்கும் பத்திரம் எழுதப்பட்டது.

1887-இல் பணி தொடங்கியது. யானையும் புலியும் உலவும் அடர்காடு. ஆண்டின் ஒரு பாதியில் ஓயாத மழை. மறுபாதியில் மலைக் காய்ச்சல். எழுப்பிய தடுப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. சென்னைப் பயோனியர் படைப்பிரிவினரும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்களும், சமவெளியிலிருந்து திரட்டப்பட்ட தொழிலாளர்களும் அந்த வெள்ளத்தோடு மல்லுக்கு நின்றனர். சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும் கொண்டு ஆற்றுப்படுகையிலிருந்து 155 அடி உயரத்துக்கு அணை எழுந்தது. தேங்கிய நீர், மலையைக் குடைந்த ஒரு மைலுக்கும் அதிகமான சுரங்கத்தின் வழியே கிழக்கே பாய்ந்தது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதைத் திறந்துவைத்தார்.

இந்தப் பணியில் பென்னிகுயிக்குக்கு உதவியாக இருந்த பொறியாளர் மெக்கன்சி, 1899-இல் திட்டத்தின் வரலாற்றை எழுதினார். நோயால் மட்டும் 483 பேர் இறந்து அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டதாக ஒரு கணக்கு அவர் வழியாக நமக்குக் கிடைக்கிறது. எண் கிடைக்கிறது, பெயர்கள் கிடைக்கவில்லை.

பென்னிகுயிக்கைப் பற்றி எங்கள் ஊர்களில் ஒரு கதை உண்டு. அரசு பணம் தர மறுத்துவிட, இங்கிலாந்துக்குச் சென்று தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தார் என்பது அந்தக் கதை. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன். மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவனும்கூட. ஆனால் ஆவணங்கள் காட்டுவது வேறு. பெரியாறு அணை சென்னை மாகாண அரசின் செலவில், அதன் பொதுப்பணித் துறை நடத்திய வேலை. சொத்து விற்ற செய்திக்கு அந்த ஆவணங்களில் இடமில்லை.

இந்த உண்மையைச் சொன்னால் எங்கள் பகுதியில் சிலர் மனம் வருந்துவர் என்பதை அறிவேன். என் மனமும் முதலில் வருந்தவே செய்தது. பிறகு என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஒருவர் தம் கடமைக்குரிய ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு ஒரு வேலையைச் செம்மையாகச் செய்து முடித்தார் என்றால், அது நமக்கு ஏன் போதுமானதாக இல்லை? அவரை வள்ளலாக்கினால்தான் வணங்க முடியும் என்று ஏன் நினைக்கிறோம்? ஊதியத்துக்காகச் செய்யும் வேலை தாழ்ந்தது என்ற எண்ணம் நமக்குள்ளும் ஊறியிருப்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளையர் மட்டுமா அந்தச் சொல்லைத் தாழ்த்தினர்? மனம் ஒன்றாமல் வேலை செய்பவரைக் கூலிக்கு மாரடிப்பவர் என்கிறோம். காசுக்குக் கொலை செய்பவர்களைக் கூலிப்படை என்று எழுதுகிறோம். வள்ளுவர் வைத்த இடத்திலிருந்து அந்தச் சொல்லை இறக்கியதில் நமக்கும் பங்கு உண்டு.

உண்மையில், பென்னிகுயிக்கின் பெருமை அவர் ஊதியத்துக்கு உழைத்தவர் என்பதால் குறைவதில்லை, கூடுகிறது. பலர் நடவாது என்று கைவிட்ட திட்டம் அது. வெள்ளம் தடுப்புகளை அடித்துச் சென்றபோது அவரும் அதைக் கைவிட்டுவிட்டு வேறு பணிக்கு மாற்றல் பெற்றிருக்கலாம். அவருடைய ஊதியம் குறைந்திருக்காது. ஆயினும் தம் வரைவு நிறைவேறும்வரை அந்தக் காட்டோடு அவர் கட்டுண்டு கிடந்தார். பெறும் சம்பளத்துக்கு மேலாக ஒரு மனிதன் தன் வேலைக்குத் தரும் அந்த ஈடுபாட்டுக்கு விற்ற நகைகளின் கணக்கு தேவையில்லை.

அணை முடிந்த பின் 1896-இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவராக 1899 வரை பணியாற்றினார். பெரியாற்றைத் திருப்பிய அனுபவத்தை 1897-இல் லண்டன் குடிசார் பொறியாளர் கழகத்தில் ஆய்வுரையாக அளித்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது பற்றி ஆலோசனை கூற 1899-இல் அங்கே அழைக்கப்பட்டார். 1911 மார்ச் 9 அன்று சர்ரே மாவட்டத்தின் கேம்பர்லியில் காலமானார். அந்த ஊரில் தமிழ்நாடு அரசின் முயற்சியால் 2022-இல் அவருக்குச் சிலை எழுந்தது. லோயர்கேம்ப் மணிமண்டபம் அதற்கு முன்பே, 2013-இல் திறக்கப்பட்டிருந்தது.

ஆக, ‘மல்’ என்று கேலி செய்யப்பட்ட கூட்டத்தில் ஒருவர், அந்தக் கேலிப்பெயரை உதறிவிட்டுத் தம் சொந்தப் பெயரோடு எங்கள் வீடுகளில் குடியேறிவிட்டார். இன்று அந்தப் பட்டப்பெயர் அகராதியில் மட்டுமே கிடக்கிறது. ஆனால் அவரோடு மலையேறியவர்கள்? அவர்கள் மீது ஒட்டிய சொல் இன்னும் உதிரவில்லை.

இதை எழுதும் தகுதி எனக்கு முழுமையாக இருக்கிறதா என்ற ஐயம் உண்டு. பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் கம்பம் பள்ளத்தாக்கு நெல்வயல்களில் எங்கள் குடும்பத்து நிலமும் சிறு துண்டாக இருந்தது. தாத்தா மறைந்த பின் அவருடைய பழைய கணக்கு நோட்டுகளைப் புரட்டினேன். வித்து வாங்கிய கடைக்காரர் பெயர், எரு விற்றவர் பெயர், நெல் கொண்டுபோன வியாபாரி பெயர், ஏன், உழவு மாடுகளின் பெயர்கூட அதில் எழுதப்பட்டிருந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்களுக்கு மட்டும் பெயரில்லை. ஆண் 4, பெண் 7, கூலி இவ்வளவு என்று பக்கம் பக்கமாக எண்களே இருந்தன. அந்தப் பெண்களுள் சிலர் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்கள். தாத்தா கொடியவர் அல்லர். கூலியை மறுநாளுக்கு ஒத்திவைத்தவரும் அல்லர். ஆனாலும் அவர் நோட்டுக்கும் 483 என்ற எண்ணுக்கும் இடையே பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. வெள்ளையர் அகராதியைக் குறைசொல்ல எடுத்த விரல் என் வீட்டுப் பரணைக் காட்டியது.

சொற்களைச் சட்டம் போட்டு மாற்ற முடியாது. கூலி என்ற சொல்லை விலக்கி அதற்கு நாகரிகமான மாற்றுச்சொல் ஒன்றைத் தேட வேண்டும் என்பதும் என் கருத்தன்று. அது நம்முடைய பழைய, நல்ல சொல். அதை மனிதனின் தலையிலிருந்து இறக்கி, மீண்டும் அவன் கையில் வைத்தால் போதும். கூலி என்பது அவர் பெறுவது. அவர் யார் என்பதற்கு வேறு பெயர் உண்டு. இவ்வளவு சிறிய இலக்கணத் திருத்தம்தான் வேண்டுவது.

அதைச் செயலில் காட்டவும் வழிகள் உள்ளன. தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகளில் ஏறுபவர்களின் பெயர்ப் பட்டியல் முறையாக இருந்தால், மலைச்சாலை விபத்து நேரும் நாளில் அவர்கள் வெறும் எண்ணாகச் செய்தியில் வரமாட்டார்கள். இழப்பீடு கேட்பதற்கும் அது ஆதாரமாகும். பென்னிகுயிக் பிறந்தநாள் விழாவில், அணைக்காக உயிர்நீத்த பெயரறியாத் தொழிலாளர்களுக்கும் சில மணித்துளிகள் ஒதுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அணையின் கதையைச் சொல்லும்போது, நகை விற்ற கற்பனைக்குப் பதிலாக, 1850-இல் உரிய கூலி கேட்டு நின்றவர்களின் கதையையும் பின்னர் காய்ச்சலோடு கல் சுமந்தவர்களின் கதையையும் சொல்லலாம். அதனால் பென்னிகுயிக்கின் சிலை ஓர் அங்குலமும் தாழாது.

வரும் தைப்பொங்கலன்று நானும் லோயர்கேம்ப்புக்குச் செல்வேன். வழக்கம்போல் மாலையிடுவேன். அதன்பின், எங்கள் வயலில் நட்டும் அறுத்தும் வாழ்ந்து முதிர்ந்து இன்றும் நம்மிடையே இருக்கும் சில பெண்களின் வீடுகளுக்குப் போக எண்ணியிருக்கிறேன். தாத்தாவின் நோட்டில் அந்த எண்களுக்கு எதிரே இன்னும் இடம் காலியாகத்தான் இருக்கிறது. நினைவில் உள்ள பெயர்களையாவது அதில் எழுதிவைக்க வேண்டும்.